கவரைப் பிரிப்பதற்கு முன்

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைத் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நின்று பாருங்கள். ஒரு கையில் புதுத் தொட்டி, மறு கையில் மீன் கவர் என்று போகிறவர்கள் கண்ணில் படுவார்கள். அந்த மீன்கள் சில நாளில் செத்தால் கடைக்காரர்மீதுதான் கோபம் வரும். பெரும்பாலும் குறை தண்ணீரில்தான் இருக்கிறது. புதிதாக மீன் வளர்க்க வந்திருக்கும் தம்பி தங்கைகளே, மீனுக்கு முன்னால் தண்ணீரைப் பழக்குங்கள். நான் சொல்லப் போவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

1. தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே ஆபத்து வெகுவாகக் குறையும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பான்ஜிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு அழுகவிடுங்கள். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருடைய அழுக்கு ஸ்பான்ஜைக் கேட்டு வாங்குங்கள். காத்திருக்கும் நாட்கள் குறையும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்றால் தொட்டி தயார். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருப்பதை நம்பாதீர்கள். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

2. உங்கள் வீட்டுக் குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்று தெரிந்துகொள்ளுங்கள். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். பக்கெட்டில் பிடித்து ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமைன் கலந்திருந்தால் அப்படிப் போகாது. ஆன்டி குளோரின் சொட்டு மருந்து விடுவது பாதுகாப்பு. போர் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருக்கலாம், ஒரு டி.டி.எஸ். மீட்டர் அதைக் காட்டிவிடும். சிலர் மீனுக்கு நல்லது என்று ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே நிரப்புகிறார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் அதில் தாதுக்கள் ஏறக்குறைய இல்லாததால் பி.எச். திடீரென்று சரிந்துவிடும். குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரோடு கலந்தே பயன்படுத்துங்கள்.

3. தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குங்கள். கடின நீரில் மோலி, கப்பி, பிளாட்டி சுகமாக இருக்கும். நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடைகளின் மென்மையான நீரைச் சேர்ந்தது. அதை உப்புப் போர் தண்ணீரில் விட்டு வருந்த வேண்டாம்.

4. கடையில் அவசரப்படாதீர்கள். இரை போடச் சொல்லி, மீன் ஓடிவந்து தின்கிறதா என்று பாருங்கள். செத்த மீன் மிதக்கும் தொட்டியிலிருந்தோ உடம்பில் வெள்ளைப் புள்ளி தெரியும் கூட்டத்திலிருந்தோ ஒன்றுகூட வாங்காதீர்கள். அன்றுதான் வந்திறங்கிய மீன் என்றால் ஒரு வாரம் கழித்து வாங்குங்கள். கடைத் தண்ணீரின் டி.டி.எஸ். எவ்வளவு என்றும் கேளுங்கள். வண்டி ஹேண்டிலில் வெயில் படத் தொங்கவிடாமல், இருட்டான பைக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள்.

5. வீட்டுக்கு வந்ததும் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, கட்டியபடியே கவரை 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். இதனால் வெப்பம் மட்டும்தான் சமமாகும். நன்னீர் மீனின் ரத்தத்தில் இருக்கும் உப்பு, வெளித் தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். அதனால் தண்ணீர் ஓயாமல் உடம்புக்குள் புகுந்துகொண்டே இருக்கும், சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியேற்றும். வெளியே உப்பின் அளவு சட்டென்று மாறினால் அந்தக் கணக்கு குலைந்து மீன் துவண்டுவிடும். ஆகவே கவரைத் திறந்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு டம்ளர் தொட்டித் தண்ணீர் சேருங்கள். கவரில் இருந்த தண்ணீர் இரண்டு மடங்கானால் போதும். டி.டி.எஸ். வித்தியாசம் பெரிதாக இருந்தால் மீனை ஒரு சிறு வாளிக்கு மாற்றி, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

6. வெளியூரிலிருந்து பார்சலில், ஒரு நாளுக்கு மேல் கவரில் அடைபட்டு வந்த மீனுக்கு இந்த நிதானம் ஆகாது. கவருக்குள் மீன் விட்ட கரியமில வாயு பி.எச்.சைக் கீழே இறக்கி வைத்திருக்கும். அதனால் சேர்ந்துள்ள அம்மோனியாவில் பெரும்பகுதி தீங்கு குறைந்த அம்மோனியமாக இருக்கும். கவரைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி பி.எச். ஏறும். பி.எச். 7லிருந்து 8க்குப் போனாலே நச்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். மீன் அதிலேயே கிடந்தால் செவுள் வெந்துபோகும். எனவே மூடிய கவரிலேயே வெப்பத்தைச் சமமாக்கி, திறந்த உடனே தயாராக வைத்த தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள். வரும் மீன் எந்த டி.டி.எஸ்.சில் இருந்தது என்று அனுப்புகிறவரிடம் முன்பே கேட்டு, அதற்கு நெருக்கமாகத் தண்ணீரைத் தயார் செய்து வைப்பது அவசியம்.

7. கவர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள்.

8. அன்றைக்குத் தீனி வேண்டாம், விளக்கும் வேண்டாம். மறுநாள் இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போடுங்கள். குழந்தைகள் கண்ணாடியைத் தட்ட ஆசைப்படுவார்கள். பக்கத்தில் உட்காரவைத்து, தட்டாமல் பார்க்கப் பழக்குங்கள்.

9. ஏற்கெனவே மீன் இருக்கும் தொட்டி என்றால், புதியதைத் தனி டப்பில் 3, 4 வாரம் வைத்துப் பாருங்கள். ஸ்பான்ஜ் ஃபில்டர் ஓடும் 20 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். வெள்ளைப் புள்ளி நோயின் கிருமி மீனின் தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. அது முதிர்ந்து விழுந்து, அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து நீந்தும் சமயத்தில்தான் மருந்து கொல்லும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்கள் வீட்டில் நோய் திரும்பி வருவது இதனால்தான்.

10. முதலில் நாலைந்து சிறு மீன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் டெஸ்ட் செய்யுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். ஸ்பான்ஜைக் குழாயடியில் கழுவாமல், வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், உடனே ஏர் பம்பைக் கூட்டுங்கள். 30 டிகிரி வெயில் நாளில் தண்ணீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். அடுத்து அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பாருங்கள். ஏதாவது ஒன்று தெரிந்தால் குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள தண்ணீரால் தொட்டியில் பாதியை மாற்றிவிட்டு, அன்று தீனியை நிறுத்துங்கள். இதையெல்லாம் செய்து பார்த்த பிறகு மருந்துக் கடைக்குப் போகலாம்.