நித்தியகல்யாணியும் இரத்தப் புற்றுநோயும்



கோயில் வளாகத்திலும் வீட்டு வாசலிலும் பூத்திருக்கும் நித்தியகல்யாணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலாயில் இதைக் கெமுந்திங் சீனா என்பார்கள். இதன் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு.

"இந்த இலைய அவிச்சுக் குடிச்சா கேன்சர் போயிடும், எதிர்ப்புச் சக்தி ஏறும்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். அதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதிதான் ஆபத்து.

1. இலை சொன்ன செய்தி

ஜமைக்காவில் இனிப்பு நீருக்கு இந்த இலையை அவித்துக் குடிப்பார்கள். 1952-இல் அங்கிருந்து 25 இலைகள் கனடாவில் இருந்த டாக்டர் கிளார்க் நோபலுக்கு வந்தன. அவர் அவற்றைத் தன் தம்பி ராபர்ட் நோபலிடம் கொடுத்தார். எலிகளுக்கு இலைச்சாற்றை வாய்வழி கொடுத்தபோது இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியாக ஏற்றியபோது எலிகள் கிருமித் தொற்றால் இறந்துபோயின.

ஏன்? சாறு எலும்பு மஜ்ஜையைத் தாக்கி, வெள்ளை அணுக்களைக் குறைத்துவிட்டது. கிருமியை எதிர்க்கும் படையே இல்லாமல் போனது.

வேறொருவர் "தோல்வி" என்று விட்டிருப்பார். ராபர்ட் நோபலும் சார்ல்ஸ் பீரும் வேறு மாதிரி யோசித்தார்கள்: இரத்தப் புற்றுநோயில் பெருகுவதே கெட்டுப்போன வெள்ளை அணுக்கள்தானே! அவர்கள் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் பற்றி 1958-இல் அறிவித்தார்கள். அதே செடியில் கிடைத்த வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

2. எப்படி வேலை செய்கிறது?

ஓர் அணு இரண்டாகப் பிரியும்போது, உள்ளே நூல் போன்ற இழைகள் தோன்றி மரபுப் பொருளை இரு பக்கமும் இழுக்கும். வின்கிரிஸ்டின் அந்த இழைகள் உருவாகாமல் தடுக்கிறது. பிரிய முடியாத அணு மடிகிறது. வேகமாகப் பெருகும் புற்றணுக்கள் அதிகம் மாட்டிக்கொள்கின்றன.

1960-களின் தொடக்கத்தில், குழந்தைகளுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியாவில் பத்தில் ஒரு பிள்ளை பிழைப்பதே அரிது. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள். வேறு பல மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கப்படும் வின்கிரிஸ்டினுக்கும் அதில் பங்கு உண்டு.

3. அப்படியென்றால் வீட்டிலேயே குடிக்கலாமா?

கூடாது. காரணங்கள்:

• இலையில் மருந்து மிக மிகக் கொஞ்சம். ஏராளமான இலை இருந்தால்தான் சிறிதளவு எடுக்க முடியும்.
• வாய்வழி போனால் உடல் அதைச் சரியாக ஏற்காது. அதனால் மருத்துவமனையில் நரம்பூசியாகவே, உடலளவு பார்த்துக் கொடுக்கிறார்கள்.
• அளவு தவறினால் கைகால் மரத்துப்போகும், குடல் இயக்கம் நின்றுபோகும்.
• "எதிர்ப்புச் சக்தி ஏறும்" என்பது தலைகீழ். அந்த எலிகளை நினைத்துப் பாருங்கள். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு ஏற்கெனவே வெள்ளை அணுக்கள் குறைவு. ஒரு சாதாரணக் காய்ச்சலே உயிருக்கு ஆபத்தாகலாம்.

உங்கள் சொந்தத்தில் யாராவது மருத்துவமனையை விட்டுவிட்டு இலைக்கஷாயத்துக்குப் போக நினைத்தால், சண்டை போடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். "அத்தை, இந்தப் பூதான் அந்த ஊசியிலயும் இருக்கு, அதை டாக்டர் கையால வாங்கிக்குவோம்" என்று சொன்னால் கேட்பார்கள்.

கலந்துரையாட:

1. எலிகள் இறந்ததை நோபல் எப்படிப் புரிந்துகொண்டார்?
2. 'இயற்கையானது' என்பதும் 'பாதுகாப்பானது' என்பதும் ஒன்றா?