ஆய்வுக்கூடத்தில் உருவான குதிரைக் கருவின் தரத்தை அறிதல்

பெட்டைக் குதிரையின் கருமுட்டைக் குழாய் ஒரு கண்டிப்பான காவலாளி எனலாம். சினையுறாத முட்டை பெரும்பாலும் அக்குழாயிலேயே தங்கிவிடும். வளர்கின்ற கரு மட்டுமே புராஸ்டகிளாண்டின் என்னும் பொருளைச் சுரந்து, குழாயின் தசைகளைத் தளரச் செய்து, முட்டை வெளிப்பட்ட ஆறாம் நாளையொட்டிக் கருப்பையினுள் இறங்குகின்றது. ஆதலால், ஏழாம் அல்லது எட்டாம் நாளில் கருப்பையைக் கழுவி எடுக்கப்படும் கரு, ஒரு தேர்வில் முன்னரே தேறி வந்ததாகும். பிகானேரிலுள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தின் நிலையத்தில், 2023ஆம் ஆண்டு மார்வாரிக் குதிரையில் கருமாற்று முறையால் குட்டி பிறந்தது இவ்வகைக் கருவினின்றே.

இத்தகைய கருவைத் தரம் பிரிப்பது கடினமன்று. அது நாள்தோறும் விரைந்து பருக்கின்றது. ஆறாம் நாளில் 200 மைக்ரான் அளவில் இருப்பது, எட்டாம் நாளில் ஒரு மில்லிமீட்டரை நெருங்குவதும் உண்டு. குதிரைக் கருவுக்கே உரிய காப்புறை ஒன்று வெளியுறைக்கு உட்புறத்தில் உருவாகி, கருவை வட்டமாகவும் உறுதியாகவும் வைத்திருக்கின்றது. வடிவம், நிறம், உயிரணுக்களின் செறிவு ஆகியவற்றைக் கொண்டு ஒன்று முதல் நான்கு வரை தரம் குறிப்பது வழக்கம்.

ஆய்வுக்கூடத்தில் உருவான கருவின் நிலை வேறு. குதிரையின் விந்தணு, கண்ணாடிக் கலத்தில் முட்டையை எளிதில் துளைப்பதில்லை. 1990ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் இம்முறையால் ஒரு குட்டி பிறந்தபோதிலும், அவ்வெற்றி நெடுங்காலம் தொடரவில்லை. 2022ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் இதனை மீண்டும் நடைமுறைக்குக் கொணர்ந்தனர். இடைப்பட்ட காலத்தில் நிலைபெற்றது, ஒரே விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் செலுத்தும் முறையாகும். முதுமையுற்ற பெட்டை, இறந்த பெட்டையின் சினைப்பை, எஞ்சிய சிறிதளவு விந்து ஆகியவற்றிலிருந்தும் குட்டி பெற இதுவே வழி. ஆனால் ஊசியிடப்பட்ட முட்டைகளில் ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒன்றுதான் பிளாஸ்டோசிஸ்ட் என்னும் கருக்கோள நிலையை எட்டுகின்றது. இங்கே காவலாளி இல்லை. வளர்ந்ததும் அழிந்ததும் ஒரே கலத்தில் கிடக்கும். பிரித்தறிவது பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது.

அக்கண்ணோ எளிதில் ஏமாறக்கூடியது. குதிரையின் முட்டை கொழுப்புத் துளிகள் மிகுந்து கருமையாயிருப்பதால், உள்ளே நிகழ்வது நுண்பெருக்கியில் தெளிவாகப் புலப்படாது. முழுமையான காப்புறை ஆய்வுக்கூடக் கருவில் உருவாவதில்லை. மாற்றப்படும் வேளையிலும் அது வெளியுறைக்குள் சிறியதாகவே இருக்கும். மனிதக் கருவில் காணப்படுவது போன்ற விரிந்த உட்குழியையும் தனித்து நிற்கும் உட்திரளையும் இதில் எதிர்பார்ப்பவர் நல்ல கருவையும் தள்ளிவிடுவார். சினையுறாத முட்டையோ தானே சிதைந்து துண்டுபட்டு, பிளவுபடும் கருவைப் போலத் தோன்றும்.

நோக்கவேண்டிய முதன்மையான அடையாளம் ஒன்றே. வெளியுறையின் உட்புறத்தை ஒட்டி, ஒரே அளவுடைய உயிரணுக்கள் ஓர் ஒழுங்கான விளிம்பாக அமைந்துள்ளனவா என்பதே அது. விளிம்பு சீராயிருந்து, வெளியுறை சற்று மெலிந்து, உறைக்கும் உயிரணுக்களுக்கும் இடையே வெற்றிடம் இல்லையாயின் அது கருக்கோளம் எனக் கொள்ளலாம். பெரியதும் சிறியதுமான உருண்டைகள் தாறுமாறாகக் கிடந்து, இடையே இடைவெளி தெரியுமாயின் அது சிதைவே. ஐயமுள்ளவற்றில் உட்கருக்களைச் சாயமேற்றி எண்ணிப் பார்த்து உறுதி செய்யலாம். ஆயின் அவ்வாறு எண்ணப்பட்ட கரு பின்னர் மாற்றுதற்கு உதவாது. எனவே அம்முறை பயிற்சிக்கும் ஆய்வுக்கும் உரியது.

தோற்றத்தைக் காட்டிலும் நம்பத்தக்க அளவுகோல் நாட்கணக்காகும். ஊசியிட்ட ஏழாம் அல்லது எட்டாம் நாளில் கருக்கோளமாவன, ஒன்பதாம் நாளுக்குப் பின் உருவாவனவற்றைவிடப் பொதுவாக நன்கு சினை பிடிக்கின்றன; தொடக்கத்திலேயே கலைவதும் குறைவு. எனினும் தாமதித்து வந்த கருவைக் கண்டவுடன் எறிந்துவிடுதல் தகாது. இளம் பெட்டையிலிருந்து மீண்டும் முட்டை எடுக்கலாம்; இறந்த பெட்டையின் இறுதி முட்டையிலிருந்து வந்த கருவுக்கு மாற்று ஏது? தவறாக மாற்றப்பட்ட கருவால் சுமக்கும் பெட்டையின் மூன்று வாரச் சுழற்சி ஒன்று வீணாகும். தவறாகக் கழிக்கப்பட்ட கருவால் ஒரு வழியே அற்றுப்போகலாம். இவ்விரு இழப்புகளையும் எடைபோட்டு முடிவெடுக்கும் பொருட்டு, ஊசியிட்ட நாளும், கருக்கோளமான நாளும், முட்டை தந்த பெட்டையின் வயதும் ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனியே பதியப்படுதல் வேண்டும்.

மாற்றும்போது இன்னொன்றும் கருதத்தக்கது. ஆய்வுக்கூடக் கரு, வயதில் ஏழு நாளாயினும் வளர்ச்சியில் இயற்கைக் கருவுக்குப் பின்தங்கியதே. ஆகவே, முட்டை வெளிப்பட்டு நான்கு அல்லது ஐந்து நாள் மட்டுமே ஆன பெட்டையின் கருப்பையை அதற்கெனத் தேர்வு செய்கின்றனர்.