குருத்தணுவைக் கண்டறிந்த வரலாறு

பாலாற்றங்கரையை அடுத்த வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அங்கே தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரையும் மேற்றோலையும் களைந்த பின்னரே பதனிடுவர். களைந்த மேற்றோல் மீண்டும் வளர்வதில்லை. உயிருள்ள உடலிலோ அஃது ஓயாது உதிர்ந்து, ஓயாது புதுப்பிக்கப்படுகிறது. வாழைக் குருத்து இலைமேல் இலை விடுவதுபோல, மேற்றோலின் அடியிலுள்ள சில உயிரணுக்கள் தம் இனத்தையும் பெருக்கிப் புதிய தோலணுக்களையும் தோற்றுவிக்கின்றன. இத்தகையவற்றைக் குருத்தணுக்கள் என்பர்.

குருதிக்கும் குருத்தணு உண்டு. வளர்ந்த மனிதனின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை ஆக்குகிறது. அவற்றின் மூலமாகிய குருத்தணுவோ பல்லாயிரம் மஜ்ஜை அணுக்களுள் ஒன்றே. நுண்பெருக்கியில் நோக்கினாலும் அதனை ஏனைய இளம் அணுக்களினின்று பிரித்தறிய இயலாது. பின் எங்ஙனம் அறிவது?

உருவால் அறிய இயலாததைச் செயலால் அறிந்தனர். கனடா நாட்டு டொராண்டோ நகரில் டில், மக்கல்லக் என்னும் இருவர், கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த சுண்டெலிகளுக்கு வேற்றெலியின் மஜ்ஜையைச் செலுத்தினர். பத்து நாள்களில் அவற்றின் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. சில முடிச்சுகளில் பலவகைக் குருதியணுக்கள் இருந்தன. இம்முடிவு 1961இல் வெளிவந்தது. ஒரு முடிச்சு முழுவதும் ஓரணுவின் வழித்தோன்றலே என்பது 1963இல் உறுதியாயிற்று.

ஆயினும், செயலைக் கண்டு முடிப்பதற்குள் அவ்வணு பிறவாய் மாறிவிடுகிறதே! அதனை உயிரோடு பிரித்தெடுக்க வேறோர் அடையாளம் வேண்டும். சி.டி.34 என்னும் புரதம் குருதியின் இளம் அணுக்களின் மேற்பரப்பில் உள்ளதென்பதை 1984இல் அமெரிக்க அறிஞர் கர்ட் சிவினும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டனர். அப்புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளோடு நுண்ணிய இரும்புத் துகளைப் பிணைத்து அணுத்திரளிற் கலப்பர். பின்னர் அதனைக் காந்தப்புலத்தின் வழியே செலுத்துவர். துகள் பற்றிய அணுக்கள் தங்கிவிடும், ஏனையவை வழிந்தோடும். அங்ஙனம் தங்குவன அனைத்தும் மெய்யான குருத்தணுக்கள் அல்ல. அவற்றுள் அவையும் செறிந்திருக்கும், அவ்வளவே.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்று மருத்துவம் நடைபெற்று வருகிறது. 2005இல் அங்குக் குருத்தணு ஆராய்ச்சி மையமும் நிறுவப்பட்டது. பின்னர், ஹீமோபிலியா என்னும் குருதி உறையா நோய் முற்றிய ஐவர்க்கு அங்கே ஒரு புதிய மருத்துவம் செய்யப்பட்டது. இந்நோயாளர்க்குச் சிறு அடியும் பெருந்துன்பம். மூட்டுக்குள் குருதி கசிந்து கால் முடங்குவதும் உண்டு. மருத்துவர் அவரவர் குருதியினின்றே குருத்தணுக்களைத் திரட்டி, உறைதற்குரிய புரதத்தை ஆக்கும் மரபணுவை அவற்றுள் புகுத்தி, மீண்டும் உடலிற் செலுத்தினர். அவ்வணுக்கள் மஜ்ஜையில் வேரூன்றிய பின்னர், கண்காணித்த காலம் முழுவதும் ஐவருள் ஒருவர்க்கும் குருதிக் கசிவு நேரவில்லையென 2024 டிசம்பரில் அறிக்கை வெளியாயிற்று.