சங்கு குளிப்பவரின் காது

கேள்வி: மருத்துவத் தேர்வுக்குப் படிக்கிறேன். தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களுக்குக் காது ஏன் வலிக்கிறது?
– வாசகர், கயத்தாறு

பதில்: கடலில் 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரட்டிப்பாகிறது. நடுக்காதின் காற்று சுருங்க, செவிப்பறை உள்நோக்கி இழுபடும், அதுதான் வலி. மூக்கின் பின்புறத்தை நடுக்காதோடு இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் திறந்தால் வலி தீரும். மூக்கைப் பொத்தி, வாயை மூடி மெல்ல ஊதும் முறையை இத்தாலிய மருத்துவர் வால்சால்வா 1704-இல் எழுதிவைத்தார்.

தேர்வர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. அழுத்த வேறுபாடு சுமார் 90 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் குழாய் பூட்டிக்கொள்ளும். பிறகு ஊதியும் பயனில்லை. சமன் செய்யாமல் இறங்கினால் 1.2 மீட்டரிலேயே அது நேரலாம்! ஆகவே வலிக்கும் முன்பே ஊத வேண்டும்.

சளி பிடித்தால் இந்தக் குழாய் எளிதில் திறக்காது, அதனால் சளி பிடித்தவர் கடலில் இறங்கவே கூடாது. செவிப்பறை கிழிந்து குளிர்ந்த நீர் புகுந்தால் தலை சுற்றும், திசை தெரியாது. கடலடியில் அது உயிருக்கே ஆபத்து.