அந்த சிடிஆர் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

கம்பெனியின் விலைப்புள்ளி விவரங்கள் போட்டியாளருக்குப் போகின்றன, சந்தேகப்படும் மேலாளரின் செல்போன் அழைப்புப் பட்டியலை (சிடிஆர்) எடுத்துத் தர முடியுமா என்று வாடிக்கையாளர் கேட்பதாக எழுதியிருந்தாய். எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறான், ரேட்டும் பேசியாகிவிட்டது என்றும் எழுதியிருக்கிறாய். வேண்டாம்.

அமெரிக்காவில் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்துக்கும் இதே தலைவலி வந்தது. இயக்குநர் குழுவில் பேசியதெல்லாம் செய்தியாகிக்கொண்டிருந்தது. அமர்த்தப்பட்ட துப்பறிவாளர்கள், தாங்கள்தான் அந்த இயக்குநர்கள், அந்த நிருபர்கள் என்று தொலைபேசி நிறுவனங்களிடம் ஆள்மாறாட்டம் செய்து, அழைப்புப் பட்டியல்களை வாங்கினார்கள். கசியவிட்ட இயக்குநரைச் சரியாகவே கண்டுபிடித்தும் விட்டார்கள். ஆனால் 2006 செப்டம்பரில் வழிமுறை வெளியே தெரிந்ததும் குழுத் தலைவர் பட்ரீசியா டன் பதவி இழந்தார். கலிஃபோர்னியா அரசுடன் வழக்கை முடித்துக்கொள்ள நிறுவனம் 1.45 கோடி டாலர் கட்டியது. அப்படிப் பட்டியல் வாங்குவதைக் குற்றமாக்கி அமெரிக்காவில் தனிச் சட்டமே வந்தது. விடை சரியாக இருந்தும் யாரையும் அது காப்பாற்றவில்லை.

நம் ஊரில் தனியார் துப்பறியும் தொழிலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2007-இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா சட்டமாகவே ஆகவில்லை. உன் அடையாள அட்டைக்கு ஒரு சாதாரணக் குடிமகனின் அதிகாரம்தான் உண்டு. சிடிஆரை விலைக்கு வாங்கி விற்றதாக 2018-இல் தாணே போலீஸ் தனியார் துப்பறிவாளர்களைக் கைது செய்தது உனக்கும் தெரிந்திருக்கும்.

பின்தொடர்வதும் அப்படித்தான். கிரெடிட் சுவிஸ் வங்கி, போட்டி வங்கிக்குப் போகவிருந்த தன் அதிகாரியின் பின்னால் 2019-இல் ஆள் விட்டது. சூரிச் தெருவில் அவரே கண்டுபிடித்துவிட்டார். அடுத்த சில மாதங்களில் வங்கியின் தலைமைச் செயல் அதிகாரியே வெளியேற வேண்டியதாயிற்று.

சங்கர்லால் துப்பறியும் கதைகளைப் படித்து இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். வந்து பார்த்தால் வேலை முழுக்கக் காகிதத்தில் கிடந்தது. உதாரணமாக, பர்ச்சேஸில் திருட்டு என்று சந்தேகமா? சப்ளையரின் பில்களை வரிசையாக அடுக்கு. மூன்று மாத இடைவெளியில் வந்த பில்களின் எண்கள் 11, 12, 13 என்று ஓடினால், அவனுக்கு வேறு வாடிக்கையாளரே இல்லாமல் இருக்கலாம். ஜிஎஸ்டி தளத்தில் சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுப் பார், பதிவான தேதி இருக்கும். முதல் ஆர்டருக்கு ஒரு வாரம் முன்புதான் பதிவாகியிருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இயக்குநர் பெயர்களைப் பார். பர்ச்சேஸ் மேலாளரின் மைத்துனன் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பான். பிறகு பஸ் ஏறி சப்ளையரின் முகவரிக்குப் போ. குடோன் என்று எழுதியிருக்கும் இடத்தில் தையல் கடை இருக்கும். இதில் எதற்கும் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை.

வாடிக்கையாளர் தரும் காகிதத்தை மட்டும் அப்படியே நம்பாதே. 2009-இல் வெடித்த சத்யம் மோசடியில் வங்கி இருப்பு என்று காட்டியதில் பெரும்பகுதி வங்கியிலேயே இல்லை. கம்பெனியின் ஒப்புதல் கடிதத்தோடு, கணக்கிருக்கும் வங்கியிடமே நேராக உறுதி கேட்க வேண்டும்.

கம்பெனி லேப்டாப்பில் தேட வேண்டுமென்றால் அதற்கு அலுவலக விதியில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார். மேலாளரின் சொந்த செல்போனைத் தொடாதே. மின்னணு ஆவணம் கோர்ட்டுக்குப் போகும் என்று தோன்றினால், பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழை அன்றே தயார் செய். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு வக்கீலிடம் போனால் திட்டுதான் விழும்.

தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் "ஒன்றும் கிடைக்கவில்லை" என்றே அறிக்கை எழுது. அதற்கும் முழு ஃபீஸ் உண்டென்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அந்த மேலாளருக்கு வேலை மிஞ்சும்.

கடைசியாக, இந்த வேலையை உனக்குக் கொடுத்தது யார் என்று நீ எழுதவே இல்லை. விற்பனைத் தலைவர் என்றால், விலைப்புள்ளி அவர் கையிலும்தானே இருந்திருக்கும்? நியமனக் கடிதத்தில் அவர் கையெழுத்து போதாது. தணிக்கைக் குழுவிடமோ சட்டப் பிரிவிடமோ வாங்கு. வாங்கிய பிறகு எனக்கு போன் செய், காகிதங்களைச் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்