விண்முகில் காணல்

மார்கழித் திங்களின் முன்னிரவில் திருவொற்றியூர்க் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்குவோர், கடலுக்குமேல் மூன்று விண்மீன்கள் ஒரே கோட்டில் நிற்பதைக் காண்பர். அவற்றின் வடபுறத்தே செந்நிறத்துடன் ஒளிர்வது திருவாதிரை. தென்புறத்தே மங்கிய மீன்கள் சில வரிசையாகத் தோன்றும். அவ்வரிசையின் நடுவே உள்ளது மட்டும் கூரிய புள்ளியாக இராது. பனி படிந்தாற்போல் கலங்கித் தெரியும். அதுவே விண்முகில். வானநூலார் அதனை நெபுலா என்பர்.

வாயுவும் தூசியும் திரண்ட அம்முகிலில் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. அது நமக்கு ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. பல்லவர் காஞ்சியில் அரசாண்ட நாளில் அங்கிருந்து புறப்பட்ட ஒளியே இன்று நம் கண்ணை வந்தடைகிறது.

இத்தகைய மங்கிய ஒளியைக் காண்பதற்குப் பொறுமை வேண்டும். இருளில் அரைமணி நேரமேனும் இருந்தால்தான் கண் பழகும். பொருளை நேரே நோக்காமல் சற்று ஒதுங்கி நோக்கினால், அது தெளிவாகப் புலப்படும். விழித்திரையின் நடுவைவிட அதன் சுற்றுப்பகுதியே குறைந்த ஒளியை நன்கு உணர்வதே இதற்குக் காரணம்.

ஆயினும், கண் ஒளியை நெடுநேரம் சேர்த்து வைக்காது. ஒளிப்படத் தகடோ சேர்த்து வைக்கும். 1880-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர் இவ்விண்முகிலை 51 நிமிடம் ஒளி விழச்செய்து முதன்முதலாகப் படமெடுத்தார். பூமி சுழல்வதால் விண்மீன்கள் நகர்வதுபோல் தோன்றும். ஆதலின் தொலைநோக்கியும் அவற்றுடன் பிறழாது திரும்புதல் வேண்டும். 1883-இல் இங்கிலாந்தில் காமன் என்னும் பொறியாளர், 36 அங்குல ஆடி கொண்ட தம் சொந்தத் தொலைநோக்கியால் மேலும் சிறந்த படம் எடுத்தார். கண்ணுக்குப் புலனாகாத விண்மீன்களும் அதில் பதிந்திருந்தன. வானாய்வு அவருக்குத் தொழிலன்று, ஓய்வுநேர வேட்கையே.

லிவர்பூல் துறைமுகத்தின் அருகே வாழ்ந்த கட்டட ஒப்பந்தக்காரரான ஐசக் ராபர்ட்சும் அத்தகையவரே. அவர் 1890-இல் தெளிந்த வானை நாடித் தென்னிங்கிலாந்தின் குன்று ஒன்றிற்குக் குடிபெயர்ந்தார். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வுக்கூடத்தின் பணியும் 1899-இல் கோடைக்கானல் மலைக்குச் சென்றது. பின்னர்ச் சவ்வாது மலையில் காவலூர் ஆய்வுக்கூடம் எழுந்தது. மங்கிய ஒளியை ஆராய்வோருக்கு இருளே பெருஞ்செல்வம்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகங்களும் ஆலைகளும் இரவெல்லாம் விளக்கேற்றி நிற்கின்றன. அவ்வொளி தூசியிலும் ஈரக்காற்றிலும் பட்டு வானை வெளுக்கச் செய்கிறது. இந்நிலையிலும் வழியுண்டு. விண்முகிலின் செந்நிற ஒளியை மட்டும் விடும் வடிகண்ணாடியைப் பொருத்தி, பல சிறு படங்களை எடுத்துக் கணிப்பொறியால் ஒன்றுசேர்த்தால், நகரின் மொட்டைமாடியிலிருந்தும் நல்ல படம் பெறலாம். ஆனால், கண்ணால் காணும் பால்வெளியை எக்கருவியும் மீட்டுத் தராது.

இரவில் உழைக்கும் தொழிலாளிக்கு விளக்கு வேண்டும். அதனைக் குறைகூற இயலாது. எனினும், மேல்நோக்கிச் செல்லும் ஒளி எவருக்கும் பயன்படுவதில்லை. விளக்கிற்கு மூடியிட்டு நிலத்தை நோக்கித் திருப்பினால், உழைப்பவனுக்கு வெளிச்சமும் குறையாது. பல நூற்றாண்டுகள் வழிநடந்து வந்த ஒளியும் வீணாகாது.