எல்லைப்புற வைத்தியர் வில்லியம் வொரல் மேயோ (1819 – 1911)

அறிமுகம்
19ஆம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவின் குடியேற்றங்கள் மேற்கு நோக்கி விரிவடைந்தன. இக்குடியேற்றங்களின் விளிம்பே எல்லைப்புறம் எனப்பட்டது. அங்கு வைத்தியசாலைகள் இல்லாமையால் வைத்தியரே நோயாளரின் வீடு தேடிச் செல்ல வேண்டியிருந்தது.

வாழ்க்கைச் சுருக்கம்
• 1819 – இங்கிலாந்தில் மான்செஸ்ரர் நகருக்கு அண்மையில் பிறந்தார்.
• 1846 – அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தார்.
• 1850 – இந்தியானாவில் மருத்துவப் பட்டம் பெற்றார்.
• 1854 – காய்ச்சலால் வருந்தி, குளிர் மிகுந்த மினெசோற்றாவை அடைந்தார். வைத்தியத் தொழிலின் வருமானம் போதாமையால் விவசாயம், படகுச் சேவை முதலியவற்றிலும் ஈடுபட்டார்.
• 1863 – இராணுவத்திற்கு ஆட்சேர்ப்போரைப் பரிசோதிக்கும் வைத்தியராக ரொசெஸ்ரர் நகருக்கு வந்தார்.

1862 டக்கோட்டா போர்
நிலமிழந்த டக்கோட்டா மக்கள், உடன்படிக்கைப்படி கிடைக்கவேண்டிய பணம் தாமதமானதால் பட்டினியுற்றுப் போரிட்டனர். நியூ உல்ம் நகரில் காயமடைந்த குடியேற்றவாசிகளுக்கு மேயோ சிகிச்சையளித்தார். 1862 டிசெம்பர் 26இல் மன்காற்றோவில் 38 டக்கோட்டா ஆண்கள் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் ஒருவரின் உடலைப் பெற்று மேயோ கூறாய்வு செய்து, எலும்புக்கூட்டைக் கற்பித்தலுக்கு வைத்துக்கொண்டார். இதற்காக மேயோ கிளினிக் 2018இல் டக்கோட்டா மக்களிடம் மன்னிப்புக் கோரியது.

வைத்தியசாலையின் தோற்றம்
1883 ஓகஸ்ற் 21இல் கடும் சுழற்காற்று ரொசெஸ்ரரைத் தாக்கியது. பிரான்சிஸ்கன் அருட்சகோதரிகள் காயமடைந்தோரைப் பராமரித்தனர். பின்னர் அன்னை அல்பிரட் மோஸ் வைத்தியசாலை ஒன்றை அமைக்க முன்வந்தார். நகர் சிறியது, செலவு பெரிது என மேயோ முதலில் தயங்கினார். எனினும் 1889இல் சென் மேரிஸ் வைத்தியசாலை 27 கட்டில்களுடன் திறக்கப்பட்டது. மேயோவுடன் புதல்வர்களான வில்லியம், சார்ள்ஸ் ஆகியோரும் அங்கு பணியாற்றினர். இவர்களது கூட்டுப்பணியே மேயோ கிளினிக்காக வளர்ந்தது.

அரசியற் பணி
ரொசெஸ்ரர் நகர மேயராகப் பணியாற்றிய மேயோ, 1891இல் மினெசோற்றா மாநில செனற் சபை உறுப்பினரானார். வீடு வீடாகச் சென்ற வைத்தியரை மக்கள் நன்கு அறிந்திருந்தமை இதற்குத் துணையாயிற்று.

கவனிக்க: வைத்தியசாலை அமைக்கும் யோசனை அருட்சகோதரிகளுடையது, மேயோவினுடையதன்று.

மாதிரி வினா
“மேயோவின் வாழ்வு எல்லைப்புறச் சமூகத்தின் சிறப்பையும் குறையையும் ஒருங்கே காட்டுகின்றது.” ஆராய்க.

விடைக் குறிப்பு
சிறப்பு: அனர்த்த வேளையில் கூட்டுழைப்பு, பொதுப்பணி.
குறை: குடியேற்றவாசிகளின் உயிரைக் காத்த அதே வைத்தியர், சுதேசிகளின் இறந்த உடலுக்குரிய மதிப்பை வழங்காமை.
முடிவுரை: இரண்டையும் எழுதும் விடையே முழுமையானது.